நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

டொராண்டோ நூலகத்தில் போன சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய சமையல் நோட்டை இரண்டு மணி நேரம் படித்துக் காட்டிய ஹங்கேரிய அக்கா, நீங்கள் யாரென்று தெரியவில்லை, பெயர் கேட்கவும் மறந்துவிட்டேன்.

அந்த நோட்டு எங்கள் வீட்டுக்கார அம்மாவுடையது. நேனி என்றுதான் கூப்பிடுவோம், ஹங்கேரிய மொழியில் அத்தை மாதிரி. 1956 நவம்பரில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது அவருக்கு 20 வயது, நடந்தே ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி, அப்புறம் கனடா வந்த 37,000 பேரில் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் பேஸ்மென்டைக் கொடுத்தவர். 88 வயதில் போய்விட்டார்.

அவர் பிள்ளைகளுக்கு ஹங்கேரிய மொழி பேச வரும், ஆனால் அந்தக் கோழிக்கிறுக்கல் பிடிபடவில்லை. நீங்கள்தான் வாசித்தீர்கள்: நூடுல்ஸ் மாவுக்குத் தண்ணீர் அரை முட்டை ஓடு அளவு, பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த்தூள் போடுமுன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கு, இல்லாவிட்டால் கசக்கும். அந்த இடத்தில் ஓரத்தில் "மேல்வீட்டில் வாசனை வந்தால் கீழ்வீட்டுக்கும் ஒரு கிண்ணம்" என்று எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். கீழ்வீடு நாங்கள்தான், அக்கா. மிக்க நன்றி.