தட்டோன் சாலையில் கைகொடுத்த தம்பிக்கு

போன செவ்வாய்க்கிழமை இங்கே பர்மாவில், மோல்மீனில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு யாங்கோன் வந்துகொண்டிருந்தேன். லாரி வாங்கி நாலு மாதம்தான். தட்டோன் தாண்டியதும் அடியில் ஒரு அதிர்வு, அப்புறம் படாரென்று சத்தம். கியர் விழுகிறது, எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. புது வண்டிக்கு இப்படியா என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்குப் போனில் நான் தமிழில் பேசியது காதில் விழுந்துதான் பைக்கை நிறுத்தினீர்கள். "அண்ணே, முதல்ல டயருக்குக் கல்லைக் கொடுங்க. கியர்பாக்ஸுல இருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் போச்சுன்னா கியர் வண்டியைப் பிடிக்காது" என்றீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

லுங்கியை மடித்துக் கட்டி அடியில் நுழைந்தீர்கள். ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டீர்களே, அதே கோட்டில் திரும்பச் சேர்க்காவிட்டால் வண்டி உதறும் என்று, அந்தக் கவனத்தை மறக்க மாட்டேன். ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் பேரிங்கில் கிரீஸ் ஒரு பொட்டு இல்லை. உள்ளே இருந்த ஊசி உருளைகள் துருப்பிடித்துச் சிவப்புப் பொடியாக உங்கள் உள்ளங்கையில் கொட்டின.

தட்டோன் போய்ப் புது கிராஸ் வாங்கிவந்து மாட்டிவிட்டு, அதன் விலையை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். பேர்கூடச் சொல்லவில்லை.

நல்லா இருங்க தம்பி. அடுத்த லோடுக்கு அதே இடத்தில் வண்டியை நிறுத்துவேன். வீட்டில் உங்களுக்காக முறுக்கு சுடச் சொல்லியிருக்கிறேன்.