செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நம் பூங்காப் புல்தரையும் தண்ணீரும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் நகர்க் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கும் குப்பை வண்டியும் ஓரளவு சீராகிவிட்டன. இந்த ஆண்டு நம் நேரத்தையும் பணத்தையும் அதிகம் கேட்டது பூங்காவின் புல்தரைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருடம் கத்திரி பிறப்பதற்கு முன்பே புல் கருகத் தொடங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தண்ணீர் பிடித்தும் பலன் இல்லை. ஒரு நாள் காலையில் தோட்டக்காரப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு துண்டை வெட்டிப் புரட்டிக் காட்டினார். “பாருங்க சார், மேல மட்டும்தான் ஈரம். வேரு ஒரு அங்குலம்கூட எறங்கல. கீழ மண்ணு பொடியா கெடக்குது” என்றார். கையில் அள்ளினேன். செம்மண்ணும் சரளையும் சூடாக உதிர்ந்தன. இத்தனை மாதம் நாம் ஊற்றியதில் பெரும்பகுதி வெயிலுக்குத்தான் போயிருக்கிறது.

நம் பகுதி மண் இரண்டு விதமாகச் சோதிக்கிறது. காய்ந்தால் மேலே ஓடு போல இறுகிவிடும், தண்ணீர் இறங்காமல் வழிந்து ஓடும். அந்த ஓடு உடைந்துவிட்டாலோ அடியில் இருக்கும் சரளை வழியாகச் சீக்கிரம் வடிந்துவிடும். அதனால் முதலில் கூர்க்கம்பியால் தரை முழுக்கக் குத்தி ஓட்டை போட்டோம். சலித்த தொழுவுரத்தை மெல்லியதாகத் தூவி, துடைப்பத்தால் அந்த ஓட்டைகளுக்குள் தள்ளினோம். அப்புறம் தினமும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டே நாள், விடியற்காலையில், ஆழமாக நனைக்கும் முறைக்கு மாறினோம். பத்து நிமிடம் விட்டு நிறுத்துவோம். அரை மணி நேரம் கழித்து, ஊறியதும் மறுபடி பத்து நிமிடம். சாயங்காலம் நனைத்தால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டோம்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கு வேண்டுமல்லவா? ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரம் நின்றால் 1 லிட்டர். நம் புல்தரை 60 அடிக்கு 40 அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர். வாரம் 25 மில்லிமீட்டர் என்றால் சுமார் 5,600 லிட்டர். தண்ணீர் சமமாக விழுகிறதா என்று காலி பால் பவுடர் டப்பாக்களை ஆறு இடத்தில் வைத்துப் பார்த்தபோது, நடுவில் 15 மில்லிமீட்டர் நின்றது, மதிலோரத்தில் 4 கூட இல்லை. ஓரம் ஏன் முதலில் காய்ந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. காவிரிக் கூட்டுக் குடிநீர் நமக்குத் தினமும் வருவதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளிகூடப் புல்லுக்குப் போகக்கூடாது என்று நம் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை எழுதும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது.

லாரித் தண்ணீரில் ஒரு முறை ஏமாந்தோம். இறக்கிய பத்து நாளில் புல் நுனி வெளுத்து, மண் மேல் உப்பு பூத்தது. அதன் பிறகு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினோம். லாரி வந்ததும் ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்த பிறகே குழாயை மாட்டுகிறோம். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைத் தருவதாகச் சில வீட்டார் அன்போடு சொன்னார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். வாசல் கழுவலாம், புல்லுக்கு வேண்டாம்.

பாதித் தரையில் இருந்த கொரியன் புல்லை எடுத்துவிட்டோம். இது பலருக்கு வருத்தம் என்று தெரியும். “பச்சைக் கம்பளம் மாதிரி இருந்ததேப்பா” என்று மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் என்னிடமே கேட்டார். பார்க்க அழகுதான் அம்மா, ஆனால் வாரம் தவறாமல் அதற்குக் கொடுக்க நம்மிடம் தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் மதிலோரம் வேம்பும் புங்கனும் வைத்து, கீழே சருகு மூடாக்கு போட்டிருக்கிறோம். மீதிப் பாதியில் நம்மூர் அருகம்புல் மட்டும். தண்ணீர்த் தேவை இப்போது வாரம் 2,800 லிட்டர்தான். புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்திவிட்டோம். கோடையில் இரண்டு அங்குலம் விடுகிறோம், வெட்டிய புல் அங்கேயே கிடந்து மட்குகிறது.

மே மாதம் அருகம்புல் பழுப்பானபோது “செத்துப்போச்சு” என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. அது சாகவில்லை, வெயிலுக்கு அடங்கியிருந்தது. ஆடி மழை இரண்டு பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. ஐப்பசியில் பெரியவர் அதே ஓரத்தில் மறுபடி வெட்டிக் காட்டினார். வேர் அவர் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். சமுதாயக் கூட மொட்டை மாடி மழைநீரைப் பூங்காக் கிணற்றில் இறக்கக் குழாய் போட அனுமதி வேண்டும், மதிப்பீடு பொருளாளரிடம் இருக்கிறது. கத்திரி நாட்களில் செவ்வாயும் சனியும் விடியற்காலை ஐந்தரைக்கு வால்வு திறக்க, தெருவுக்கு ஒருவர் பெயர் தர வேண்டும். பெயர் எழுதும் நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது. வால்வுச் சாவி காவலாளி அறையில் ஆணியில் தொங்குகிறது.

நன்றி, வணக்கம்.
செயலாளர்