மணல் அச்சு இயந்திரம் வாங்குமுன்: கோவை வார்ப்பாலைகளுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. பம்பும் மோட்டார் உறையும் வார்க்கும் பவுண்டரிகளை விமானப் பாகங்களுக்கு மாற்றுவது பற்றிப் பேசினாலே மணலை அடுக்கடுக்காக அச்சிட்டு மோல்டு (உலோகம் ஊற்றும் அச்சு) செய்யும் முப்பரிமாண மணல் அச்சு இயந்திரம்தான் முதலில் வருகிறது. நல்ல கருவி, பேட்டர்ன் (மணலில் அச்செடுக்கும் மாதிரி வடிவம்) இல்லாமலே சிக்கலான கோர் (வார்ப்பின் உட்குழிவை உருவாக்கும் மணல் உள்ளச்சு) கிடைக்கும். ஆனால் மோல்டு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அழுக்கு உலோகத்தை ஊற்றினால் எக்ஸ்ரேயில் பாகம் தோற்றுவிடும்.

சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் கலந்த ஏ356 அலுமினியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய நிலையில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் உறைந்தபின் கரைந்து நிற்கும், மிச்சம் நுண்துளையாகும். மழைக்காலக் காற்று, சரியாகக் காயாத லேடில் (உருகலை ஊற்றும் கலம்), எண்ணெய் படிந்த ஸ்கிராப் எல்லாமே ஹைட்ரஜனைக் கொண்டுவரும். சுழலும் ரோட்டார் வழியே ஆர்கான் வாயு விட்டு அதை வெளியேற்றலாம். வெளியேறியதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. 80 மில்லிபாரில் (காற்றை உறிஞ்சிய குறைந்த அழுத்தத்தில்) ஒரு மாதிரி, திறந்த காற்றில் ஒரு மாதிரி உறையவைத்து, இரண்டின் அடர்த்தியையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் அதிகமென்றால் ஊற்றக்கூடாது.

ஆக்ஸைடு படலம் இன்னும் மோசம். உருகல் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டி ஓடினால் மேல்தோல் மடிந்து உள்ளே போய், பிளவாகவே தங்கிவிடும். வெறும் 13 மில்லிமீட்டர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். கையால் லேடிலைச் சாய்த்து மேலிருந்து ஊற்றும்வரை இதற்குத் தீர்வில்லை. லேசான வாயு அழுத்தத்தால் உருகலை மேலேற்றும் தாழ் அழுத்த முறையில் கீழிருந்து மெல்ல நிரப்ப வேண்டும்.

அடுத்தது வெப்பப் பதனம். வலிமைக்காக வார்ப்பை 540 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைக்க வேண்டும். ஓவனின் ஒரு மூலை 555-ஐத் தாண்டினால் உள்ளே உருகத் தொடங்கும். குறைந்தால் மக்னீசியம் முழுதாகக் கரையாமல் வலிமை வராது. விமானத் துறை உலைகளின் வெப்ப அளவீட்டுக்கான ஏஎம்எஸ் 2750 தரம் கேட்பது போல எட்டு மூலைகளிலும் நடுவிலும் தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) வைத்துச் சோதித்த ஓவனைச் சிறு பவுண்டரி தனியாக வாங்குவது கடினம்.

வார்ப்பின் வலிமை ஒன்றுக்கொன்று மாறும் என்பதால்தான் அமெரிக்க விமான விதி 25.621 வடிவமைப்பில் வார்ப்புக் காரணியை (கூடுதல் பாதுகாப்புக்கான பெருக்கெண்) சேர்க்கச் சொல்கிறது. காரணி கூடினால் எடையும் கூடும். அப்புறம் வடிவமைப்பாளர் வார்ப்பை விட்டுவிட்டு முழு உலோகக் கட்டியைக் குடைந்தெடுக்கப் போய்விடுவார்.

ஆகவே, பவுண்டரிகள் வாடகைக்குப் பகிர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையத்துக்கான நிதியில் ஆர்கான் அலகு, தாழ் அழுத்த இயந்திரம், சோதித்த ஓவன், டிஜிட்டல் எக்ஸ்ரே, படம் படிக்கத் தகுதி பெற்ற ஆட்கள், இவற்றை முதலில் வையுங்கள். மணல் அச்சு பிறகு வரட்டும். எக்ஸ்ரேக்கு வரும் ஒவ்வொரு வார்ப்போடும் அதன் ஹீட் எண் (எந்த உருக்கலில் வார்த்தது என்ற எண்), அடர்த்தி அளவு, ஓவன் சார்ட் (வெப்பப் பதிவு) மூன்றும் வந்தாக வேண்டும் என்பதை வாடகை நிபந்தனையாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வார்ப்புத் தொழில்நுட்பத்தில் பணியாற்றுவோர்