துரைமாரைத் தேடுகிறவர்கள் மெட்ராஸ் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளைக்காரக் கொள்ளுத்தாத்தாவின் வேரைத் தேடி பெங்களூருக்கு வருகிறவர்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் மைசூர் அரசு ஆவணங்களைப் புரட்டினால் போதும் என்று முடித்துவிட்டீர்களே, அதுதான் சரியில்லை. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்து கண்டோன்மென்ட்டில் இறங்கியது ஆங்கிலேயக் கம்பெனியின் மெட்ராஸ் பட்டாளம். இங்கே பாதிரியார் எழுதிய ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றின் நகலும் மெட்ராஸ் போய், அங்கிருந்து லண்டன் போனது. இன்றைக்கு அவை பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' என்ற மெட்ராஸ் பதிவு வரிசையில் இருக்கின்றன. கத்தோலிக்கர் என்றால் அந்தந்தக் கோயில் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒயிட்ஃபீல்டு கதை வேறு: 1882-ல் ஆங்கிலோ இந்தியர் குடியேற மகாராஜா சாமராஜேந்திர உடையார் கொடுத்த நிலம் அது, அதற்குத்தான் மைசூர் காகிதம் பார்க்க வேண்டும்.

கல்லறைக்குப் போகிறவர்கள் காலையிலோ சாயங்காலமோ போவது நல்லது. ஈய எழுத்து பதித்த கற்களில் ஈயத்தை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள், வரிசையாகச் சின்னத் துளைகள்தான் மிச்சமிருக்கும், ஆனால் சாய்ந்த வெயிலில் பார்த்தால் அந்தத் துளைகளை வைத்தே பேரைக் கூட்டிப் படித்துவிடலாம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, எல்லாரும் தாத்தாவையே தேடுகிறார்கள். பாட்டி? பழைய ஞானஸ்நானப் பதிவுகள் சிலவற்றில் தாய் என்ற இடத்தில் 'சுதேசிப் பெண்' என்று மட்டும் இருக்கும், இல்லாவிட்டால் மதம் மாறியபின் வைத்த மேரி, ஆன் என்ற பேர். அதில் எத்தனை பேர் நம்மூர்ப் பெண்களோ! அவர்கள் பக்கம் தேட லண்டனில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் அல்சூர், சிவாஜிநகர் வீடுகளில் கிடைக்கலாம். பட்லராகவும் சமையல்காரராகவும் வேலை பார்த்தவர்களுக்கு துரை ஊருக்குக் கிளம்பும்போது நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பது அந்தக் கால வழக்கம், அதில் துரையின் பேர், பட்டாளம், தேதி எல்லாம் இருக்கும், அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட காகிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் படமெடுத்து அனுப்புங்கள் என்று உங்கள் பத்திரிகையிலேயே நாலு வரி போடுங்களேன். அப்புறம், அந்தப் படங்களில் அந்த பட்லரின் பேரையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு