ஓபெத் படித்த உயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் மெட்டல் என்னும் கனமான ராக் இசை வாசிக்கும் ஸ்வீடன் நாட்டுக் குழுவான ஓபெத்தின் புதிய ஆல்பம் பற்றி இரண்டே வரி வந்திருந்தது. பதினாறு வருடங்களுக்குப் பிறகு பாடகர் மறுபடி உறுமிப் பாடுகிறார், ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ரசிகர் கூட்டமே அதற்கு மேல் பேசவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதம்.

நான் சைதாப்பேட்டையில் பெரியப்பாவோடு சேர்ந்து பத்திரம் எழுதும் தொழில் செய்கிறேன். 2009இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் சாரங் கலைவிழாவில் ஓபெத் வாசித்தபோது எனக்குக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நல்ல மெட்டல் கச்சேரி என்றால் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும் என்றிருந்த காலம். நாங்கள் நாலு பேர் பஸ்ஸில் போய் இறங்கினோம். பாடகர் மிக்கேல் அகெர்ஃபெல்ட் ஒரு வரியைத் தாலாட்டு மாதிரி பாடிவிட்டு, அடுத்த வரியில் அடிவயிற்றிலிருந்து உறுமினார். இரண்டும் ஒரே மனிதனின் தொண்டை என்று நம்ப முடியவில்லை. திரும்பும்போது பஸ் கிடைக்காமல் வீடு வரை நடந்தோம். யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தைய வருடம் வந்த 'வாட்டர்ஷெட்'தான் அந்த உறுமல் இருந்த கடைசி ஆல்பம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. 2011இல் 'ஹெரிடேஜ்' வந்தது. முழுக்க இதமான குரல், எழுபதுகளின் ராக் வாசனை. தொடர்ந்து மூன்று ஆல்பங்கள் அதே வழியில். எங்கள் நாலு பேரில் ஒருவன் ஓபெத் டி-ஷர்ட்டை மடித்து வைத்தவன்தான், பிறகு போடவே இல்லை.

2024 ஆகஸ்டில் புதிய ஆல்பத்தின் முதல் பாட்டு வெளியானது. பெரம்பூரில் இருக்கும் அந்த நண்பன் நள்ளிரவில் போன் செய்து, "பழைய ஓபெத் வந்துட்டான்டா" என்று கத்தினான். மறுநாள் டி-ஷர்ட்டைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினான், வயிற்றில் இறுக்கமாக இருந்தது. என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. அவன் ஓபெத்தைக் கேட்க ஆரம்பித்ததே 2014இன் 'பேல் கம்யூனியன்' வழியாகத்தான். எல்லோரும் கொண்டாடுவதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அப்போ நான் இத்தனை நாள் கேட்டதெல்லாம் ஓபெத் இல்லையா மாமா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. 2019இல் அவர்கள் ஒரே ஆல்பத்தை ஆங்கிலத்திலும் தங்கள் தாய்மொழியான ஸ்வீடிஷிலும் பாடி வெளியிட்டார்கள். ஒரு வார்த்தை புரியாமலே ஸ்வீடிஷ் வடிவத்தை நான் மழைக்காலம் முழுக்கக் கேட்டேன். அதை எல்லாம் வீண் என்று ஒதுக்குவது நன்றிகெட்டதனம்.

நவம்பர் 22 அன்று முழு ஆல்பமும் வந்தது. 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் கடைசி உயில் சாசனம். முதல் இரண்டு நாள் நானும் உறுமலை எண்ணிக்கொண்டுதான் கேட்டேன். அப்புறம்தான் பாட்டு வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டுப் பாட்டில் ஏழுக்குப் பெயரே கிடையாது. ஒன்று, இரண்டு என்று பத்தி எண் மட்டும்தான். நாங்களும் உயிலில் அப்படித்தான் எண் போட்டு எழுதுகிறோம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்துக் கதை இது. ஒரு பணக்காரர் இறந்துபோய், அவர் மாளிகையில் உயில் படிக்கப்படுகிறது. இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். போலியோவால் பாதிக்கப்பட்டு, அந்த வீட்டிலேயே வளர்ந்த ஓர் அநாதைப் பெண்ணும் இருக்கிறாள். இவள் ஏன் இங்கே என்று இரட்டையர் யோசிக்கும் இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த அறை எனக்குத் தெரியும். அப்பா எழுதி வைத்த காகிதத்தை எடுத்துவந்து, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கும் குடும்பங்கள் எங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. எதிர்பாராத ஒரு பெயரை வாசிக்கும்போது ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் காகிதத்துக்குப் பலம் இல்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அவர் போன பிறகுதான் அது பேசத் தொடங்கும், அப்போது எதிர்த்துப் பேச அவர் இருக்க மாட்டார். இந்த ஆல்பத்தில் உறுமல் வரும் இடங்கள் எனக்கு அந்தச் செத்தவரின் குரலாகவே கேட்கின்றன. எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம். தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும்போது, அம்மா மடியில் இருக்கும் குழந்தைகள் வீறிட்டு அழும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் கூச்சலாகப் படாது. ஜெத்ரோ டல் என்ற பழைய பிரிட்டிஷ் ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் நடுநடுவே நிதானமாக வாசகங்களைப் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். அவருடைய நிதானத்துக்குப் பக்கத்தில் உறுமல் இன்னும் பயங்கரமாகிறது. குரல் திரும்பியதற்குக் காரணமே கதைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இசை ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது, முணுமுணுக்க ஒரு மெட்டு தங்கவில்லை என்கிறான் அக்கா மகன். அதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது பத்தி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதற்கெல்லாம் இரண்டு வரி போதாது, ஐயா. கர்நாடகக் கச்சேரிக்கு மார்கழி முழுக்கப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். இந்த ஊரில் மெட்டல் கேட்பவர்களும் காலையில் உங்கள் பேப்பரைத்தான் பிரிக்கிறோம். ஒரு முறையாவது அரைப் பக்கம் கொடுத்து, பாட்டைக் கேட்டவரை எழுதச் சொல்லுங்கள்.

போன வாரம் மத்தியானம் ஆபீஸில் கூட்டம் இல்லை. சின்ன ஸ்பீக்கரில் ஆல்பத்தைப் போட்டுவிட்டு, பெரியப்பாவுக்குக் கதையைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாற்பது வருடமாக உயில் எழுதும் மனிதர். உறுமல் வந்தபோது முகத்தைச் சுளித்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஏழாவது பத்தி முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதி வெச்சிருக்கார்னு மறுபடியும் சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு உறுமலே இல்லாத அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டேன்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
சைதாப்பேட்டை, சென்னை - 15.