படகு இழுத்த டிராக்டரை வயலுக்கு வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் பழைய டிராக்டர் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் எழுதியவர் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வந்து ஒரு வண்டிகூடப் பார்த்ததில்லை என்று தோன்றியது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் மணி குறைவா, டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று அவர் சொல்வதெல்லாம் சரி. எங்கள் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த வண்டி இத்தனை நாள் எங்கே நின்றது, எதை இழுத்தது என்பதைத்தான்.

எனக்குத் திருப்புல்லாணிப் பக்கம் நாலு ஏக்கர். இரண்டரை ஏக்கர் மானாவாரி நெல், மீதியில் முண்டு மிளகாய். உண்மையைச் சொன்னால் இதற்குச் சொந்த வண்டியே தேவையில்லை; ஒன்பது கொத்துக் கலப்பை போட்டால் ஏக்கருக்குச் சுமார் ஒரு மணி நேரம், நாலு தடவை உழுதாலும் வருஷத்துக்கு 20 மணி நேரம் தாண்டாது. வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே வாடகைக்குத் தருகிறார்கள், உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் மழை பெய்து மண் பதமாக இருப்பது இரண்டு நாள், மணல் கலந்த நிலம் என்றால் அதுவும் கிடையாது, அந்த இரண்டு நாளில் ஊரே ஒரே டிரைவருக்குப் போன் போடும், நம் முறை வரும்போது கொழு இறங்காத அளவுக்கு மண் காய்ந்திருக்கும். சொந்த வண்டி ஆசை அங்கேதான் பிறக்கிறது.

எனக்கும் பிறந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் காட்டிய வண்டியை, பளபளவென்று பெயிண்ட், மீட்டரில் 2,100 மணி, பார்த்த அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் மாசமே செல்ஃப் மோட்டார் போனது. அப்புறம் லைட். வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி இருந்த இடத்தில் பச்சைப் பொடி. பின் சக்கரத்தைக் கழற்ற நட்டு அசையவில்லை, கேஸ் வைத்துச் சுட்டு எடுத்தோம். டியூப் மவுத் வரும் ஓட்டையைச் சுற்றி ரிம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பிரேக்கைத் திறந்த மெக்கானிக் தம்பி விரலில் ஒட்டிய துருவைக் காட்டி, "அண்ணே, இது உழுத வண்டி இல்லை, கரையில ஃபைபர் படகு இழுத்த வண்டி" என்றார். மீட்டர் பொய் சொல்லவில்லை. படகை இழுக்க ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், மணி எப்படி ஏறும்? அந்தப் பத்து நிமிஷமும் வண்டி கடல் தண்ணீரில் நிற்கிறது, அதுதான் விஷயம். ரிப்பேருக்கு வாங்கிய விலையில் பாதி போனது.

அதற்குப் பிறகு நான் வண்டி பார்க்கும் விதமே வேறு. பெயிண்டைப் பார்ப்பதில்லை, கீழே படுத்து ஆக்சில் அடியையும் ரிம்மின் உள்பக்கத்தையும் பார்க்கிறேன், புதுப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் இருந்தால் எழுந்து துண்டை உதறிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பின்னால் டிரெய்லர் மாட்டும் இடத்தில் பின் போடும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் அது கலப்பையைவிட லோடு அதிகம் இழுத்த வண்டி. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து உள்ளே விரல் விடுங்கள். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் பாதி உவர், அதையே ஊற்றி ஓட்டியிருந்தால் வெள்ளையாகப் படிந்திருக்கும். முக்கியமாக, நீங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உங்கள் கட்டுரையிலேயே இருந்தது. கடன் இருந்தால், அது தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் படிவம் 35 கையில் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

குதிரைத்திறன் விஷயத்தில்தான் எனக்கு அந்தக் கட்டுரையோடு சண்டை. 45க்குக் குறையாமல் வாங்குங்கள் என்கிறார். கமுதி, முதுகுளத்தூர் கரிசலுக்கு அது சரி. பனைமரத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் எங்கள் மணல் நிலத்தில் அந்த வண்டியைத் திருப்பவே இடம் இல்லை. 25 முதல் 35 போதும். பெரிய வண்டி கல்யாண வீட்டு வாசலில் நிறுத்த நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. புது டிராக்டருக்கு மானியம் தருகிற துறை, பழசு வாங்குகிறவனுக்காக மாசத்துக்கு ஒரு நாள் ராமநாதபுரத்தில் ஒரு இன்ஜினியரை உட்கார வைத்து வண்டியைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்கிறோம். இதை நீங்கள் எழுதினால் அவர்கள் காதில் விழும்.

இப்போது என்னிடம் இருப்பது பரமக்குடிப் பக்கம் வாங்கிய பழைய ஐஷர் 242, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், அதனால் உவர்த் தண்ணீர் ஊற்ற ரேடியேட்டரே இல்லை. பெயிண்ட் எல்லாம் போய்விட்டது. பேட்டரி இறங்கிவிட்டால் தள்ள ஆள் தேடக் கூடாது என்று கண்மாய்க் கரை மேட்டில்தான் நிறுத்துகிறேன். போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வயலில் இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்