அழித்தாலும் இளைக்காத கோப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் தரவுகளைச் சேமிக்க இடம் போதவில்லை என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்னும் பெரிய டிஸ்க் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதுபோல முடித்திருந்தார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கிற கோப்புகளுக்குள் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

பெரிய அறிவியல் தரவுகளை ஒரே கோப்புக்குள் அடுக்கி வைக்கும் எச்டிஎஃப்5 (HDF5) என்ற கோப்பு வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, காலநிலைத் துறையினர் பயன்படுத்தும் நெட்சிடிஎஃப்-4 என்ற கோப்பு வடிவம் கூட இதன் மேல் கட்டப்பட்டதுதான். இதற்குள் இருக்கும் ஒரு டேட்டாசெட்டை, அதாவது ஒரு தரவுத் தொகுதியை, அழித்தால் கோப்பு சிறிதாகிவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் ஆகாது. அழிக்கும்போது அதற்கான இணைப்பு போய்விடும், இடம் மட்டும் கோப்புக்குள்ளேயே காலியாகக் கிடக்கும். கோப்பை மூடுவதற்குள் வேறு எதையாவது எழுதினால் அந்த இடம் மறுபடி பயன்படலாம். மூடிவிட்டாலோ, இயல்பான அமைப்பில் எங்கெங்கே காலி என்ற கணக்கே தொலைந்துபோகும், அப்புறம் எழுதுவதெல்லாம் கோப்பின் வாலில் போய்ச் சேரும். தினமும் பழையதை அழித்துப் புதியதை எழுதும் நிரல்களின் கோப்புகள் ஊதிக்கொண்டே போவது இதனால்தான். 1.10 பதிப்பு முதல் இந்தக் கணக்கைக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் அதைக் கோப்பை உருவாக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஊதிப்போனதற்கு எச்5ரீபேக் என்ற கருவி இருக்கிறது. உயிரோடு இருக்கும் தரவுகளை மட்டும் எடுத்துப் புதிய கோப்பாக எழுதித் தரும். அதனால் வேலை முடியும்வரை பழையது, புதியது இரண்டுக்குமே இடம் வேண்டும். டிஸ்க் கழுத்துவரை நிரம்பிய பிறகு இதை நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

சரி, இன்னொரு வீணடிப்பு. 12 பிட் மட்டுமே தரும் உணரியின் அளவீட்டை 8 பைட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆயிரம் வீதம் மூன்று பரிமாணத்திலும் புள்ளிகள் என்றால் அது 8 ஜிபி. 2 பைட், அதாவது 16 பிட், முழு எண்ணாக எழுதினால் 2 ஜிபி, ஒரு தகவலும் போகாது. இதற்குப் பிறகுதான் சுருக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். தரவைத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால்தான் சுருக்கவே முடியும், ஆனால் துண்டுகளை ரொம்பப் பொடியாக்கினால் அவற்றின் அட்டவணையே இடத்தைத் தின்றுவிடும். சுருக்குவதற்கு முன் பைட்டுகளை இடம் மாற்றும் ஷஃபிள் வடிகட்டியையும் சேர்த்துக்கொண்டால், எண்களில் ஒரே இடத்தில் வரும் பைட்டுகள் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஜிஜிப் (gzip) என்ற சுருக்கும் முறை பல நேரங்களில் இன்னும் நன்றாகச் சுருக்கும். ஜிஜிப்பை அதன் உச்சமான 9-ஆம் நிலைக்கு ஏற்றுவது பெரும்பாலும் நேர விரயம் என்பேன். கடைசி இலக்கங்கள் வெறும் இரைச்சலாக இருந்தால் எந்த நிலையும் உதவாது. அவற்றை முன்கூட்டியே தோராயமாக்கி மழுங்கச் செய்யலாம், ஆனால் அது திரும்பப் பெற முடியாத இழப்பு, மூலப் பதிவில் கைவைக்கக் கூடாது.

புதிய டிஸ்க் கேட்டு விண்ணப்பம் எழுதுபவர்கள், தங்களிடம் உள்ள பெரிய கோப்புகளில் எச்5ஸ்டாட் கருவியை ஓட்டி, பயன்படாத இடம் எவ்வளவு என்று அது காட்டும் எண்ணையும் விண்ணப்பத்தோடு இணைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்